பீட்சாவும் பையும் சொதப்பும்போது: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

வீட்டில் சுட்ட பீட்சா சரியாக வரவில்லை என்றால் பலரும் முதலில் ஈஸ்ட்டைத்தான் சந்தேகப்படுவார்கள். அடுத்து வேறு மாவு வாங்கிப் பார்ப்பார்கள். நான் பார்த்தவரை குற்றம் பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கிறது. மாவுக் கலவை இத்தாலியின் நேப்பிள்ஸுடையது, அடுப்புச் சூடு நியூயார்க்குடையது, மேலே போட்ட சீஸின் அளவு அமெரிக்காவின் டெட்ராய்ட்டுடையது என்று மூன்று ஊர்கள் ஒரே தட்டில் கலந்துபோயிருக்கும். ஒவ்வொரு ஊர் பீட்சாவிலும் மாவு, தட்டு, சூடு, நேரம் நான்கும் ஒன்றுக்கொன்று அனுசரித்து வளர்ந்தவை. ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து வேறு ஊர் முறையோடு சேர்த்தால் எங்காவது இடிக்கும். மாவு ஓட்டுக்குள் பழமோ இறைச்சியோ நிரப்பிச் சுடும் பைக்கும் (pie) இது பொருந்தும்.

அதனால் கீழே உள்ள அறிகுறிகளைப் படிப்பதற்கு முன், நீங்கள் செய்ய நினைத்தது எந்த ஊர் முறை என்று ஒரு வரியில் சொல்லிப் பாருங்கள். சொல்ல வரவில்லை என்றால் பாதிப் பிரச்சினை அங்கேயே பிடிபட்டுவிட்டது. அப்புறம், ஓவனுக்குள் வைக்கும் சிறிய வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வெளியே 250 என்று காட்டிக்கொண்டு உள்ளே 220-இல் நிற்கும் ஓவன்கள் நிறைய உண்டு. அது தெரியாமல் மாவைத் திருத்திக்கொண்டே போனால் முடிவே இராது. இங்கே சொல்லும் சூடெல்லாம் செல்சியஸ் கணக்கு.

அடி வெளிறியிருக்கிறது, ஓரம் வறட்டுக் கடினமாக இருக்கிறது

எல்லாரையும் அலைக்கழிக்கும் கோளாறு இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நேப்பிள்ஸ் மாவில் நான்கே பொருள்கள்: மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட். எண்ணெய் கிடையாது, சர்க்கரை கிடையாது. 1984-இல் நேப்பிள்ஸில் தொடங்கிய அந்த ஊர் பீட்சாக்காரர்களின் சங்கம் இதை விதியாகவே எழுதி வைத்திருக்கிறது. 400 டிகிரியைத் தாண்டிய அடுப்பில் 60 முதல் 90 விநாடிக்குள் சுட்டு எடுக்க வேண்டும் என்பதும் அதே விதியில் உண்டு. இந்த இரண்டும் சேர்ந்தால்தான் அந்த மாவுக்கு உயிர். அவ்வளவு சூட்டில் சர்க்கரையும் எண்ணெயும் உள்ள மாவைப் போட்டால் கருகிவிடும். அதனால் அவை இல்லை. ஒன்றரை நிமிடத்தில் வெளியே வந்துவிடுவதால் உள்ளே இருக்கும் ஈரம் போவதற்கு நேரமில்லை; அதனால்தான் ஓரம் அவ்வளவு மென்மை.

அதே மாவை வீட்டு ஓவனில் 250 டிகிரியில் வைக்கிறோம். சிவக்க உதவும் சர்க்கரை இல்லாததால் நிறம் வர மறுக்கிறது. நிறம் வரட்டும் என்று எட்டு நிமிடம், பத்து நிமிடம் காத்திருக்கிறோம். அதற்குள் ஈரமெல்லாம் வெளியேறிவிடுகிறது. கையில் கிடைப்பது வெளிறிய வறட்டு ரொட்டி. மாவு பிசைந்தவர்மேல் இதில் குற்றமே இல்லை.

இத்தாலியின் நைஸ் ரக 00 மாவு வாங்கியவர்களுக்கு இன்னொரு தடையும் உண்டு. அந்த மாவில் பொதுவாக முளைகட்டிய பார்லிப் பொடி சேர்ப்பதில்லை. அமெரிக்க ரொட்டி மாவுகள் பலவற்றில் அது இருக்கும். அது மாவிலுள்ள ஸ்டார்ச்சை உடைத்துச் சர்க்கரையாக்கி, குறைந்த சூட்டிலும் நிறம் வரவைக்கும். விலை கூடிய மாவு வாங்கியும் முன்பைவிட வெளிறிப்போனதே என்று வருந்துபவர்களுக்கு விடை இதில் இருக்கிறது.

சரி, என்ன செய்வது? வீட்டு ஓவன்தான் இருக்கிறது என்றால் நியூயார்க் முறைக்கு மாறிவிடுங்கள். 100 கிராம் ரொட்டி மாவுக்கு 62 கிராம் தண்ணீர், 2 கிராம் எண்ணெய், 1 அல்லது 2 கிராம் சர்க்கரை, 2 கிராம் உப்பு, துளி ஈஸ்ட். குளிர்பதனப் பெட்டியில் ஒன்று முதல் மூன்று நாள். நியூயார்க் கடைகளின் தட்டை ஓவன்கள் 300 டிகிரிக்கு முன்பின்தான் ஓடும். வீட்டு ஓவன் எட்டக்கூடிய சூட்டுக்கு அது எவ்வளவோ அருகில். பீட்சா சுடுவதற்கென்று விற்கும் கல்லையோ, அதைவிட நல்லதான தடித்த இரும்புத் தகட்டையோ உள்ளே வைத்து ஒரு மணி நேரம் சூடாக்கிவிட்டுச் சுடுங்கள்.

எண்ணெய், சர்க்கரை சேர்த்தும் வெளிறுகிறதா? அப்படியானால் மாவு அளவுக்கு மீறிப் புளித்திருக்கலாம். மாவிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் முழுவதும் தின்று தீர்த்திருக்கும். மோந்து பாருங்கள், காடி நெடி தூக்கலாக அடித்து, உருண்டை தட்டையாகப் படிந்து கிடந்தால் அதுதான். அடுத்த முறை ஈஸ்ட்டைப் பாதியாக்குங்கள்.

நடுப்பகுதி ஈரமாகத் தொய்கிறது

இது கோளாறுதானா என்று முதலில் பாருங்கள். நேப்பிள்ஸ் பீட்சாவின் நடுப்பகுதி இயல்பிலேயே மெலிந்து, தொய்ந்து, சாஸில் லேசாக ஊறியிருக்கும். அங்கே அதைக் கத்தி முள்கரண்டியால் சாப்பிடுகிறார்கள். தெருவில் நின்று சாப்பிடுபவர்கள் நான்காக மடித்துக்கொள்கிறார்கள். நியூயார்க் துண்டு அப்படி இருக்கக் கூடாது. நீளவாக்கில் மடித்துப் பிடித்தால் முனை ஓரளவு நேராக நிற்க வேண்டும்.

நியூயார்க் முறையில் தொய்ந்தால் முதல் சந்தேகம் சீஸ். தண்ணீரில் மிதந்து வரும் புதிய மொஸரெல்லாவில் நீரின் பங்கு 60 சதவீதத்தை நெருங்கும். பீட்சாவுக்கென்று விற்கும் ஈரம் குறைந்த மொஸரெல்லாவில் ஏறத்தாழ பாதி. பத்து சதவீத வித்தியாசம்தானே என்று தோன்றும். ஆனால் புதிய சீஸ் தன் நீரைச் சூட்டில் சட்டென்று விட்டுவிடும். நேப்பிள்ஸ் அடுப்பின் பெருஞ்சூடு அந்த நீரை நொடியில் ஆவியாக்கிவிடுகிறது. வீட்டு ஓவனில் அது மாவின்மேல் தேங்கி நிற்கும். புதிய சீஸ்தான் வேண்டும் என்றால் விரல் தடிமனுக்கு நறுக்கி, வடிதட்டில் போட்டு, சில மணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வடியவிட்டுப் பயன்படுத்துங்கள்.

இரண்டாவது, சாஸ். 30 சென்டிமீட்டர் பீட்சாவுக்கு 80 கிராம் போதும். கரண்டியின் பின்புறத்தால் தேய்த்தால் அடியிலுள்ள மாவு ஆங்காங்கே தெரிய வேண்டும். மூன்றாவது, காளான், கீரை, குடைமிளகாய் போன்ற நீர்விடும் காய்கள். அவற்றைத் தனியே வதக்கி ஆறவிட்டுப் போடுங்கள்.

இத்தனையும் சரியாக இருந்தும் தொய்ந்தால் கல் சூடாகவில்லை. ஓவன் சூடாகிவிட்டது என்று மணி அடிப்பது உள்ளே இருக்கும் காற்றைப் பார்த்து. கல்லுக்கு அதன் பிறகும் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் வேண்டும்.

விரித்தால் மாவு சுருங்குகிறது; அல்லது விரிக்கும் முன்பே கிழிகிறது

இரண்டும் எதிரெதிர் நோய்கள். ஒன்றுக்கான மருந்து மற்றதைக் கெடுக்கும்.

ரப்பர் மாதிரி இழுத்த இடத்துக்கே திரும்பி ஓடினால் மாவைப் பிணைக்கும் புரத வலையான குளுட்டன் இறுகியிருக்கிறது. மாவு குளிர்ச்சி விடாமல் இருக்கலாம், அல்லது சற்றுமுன்தான் உருண்டை பிடித்திருப்பீர்கள். மூடிவைத்து அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். மல்லுக்கட்டினால் இன்னும் இறுகும். உருளைக்கட்டையைத் தேடாதீர்கள், நேப்பிள்ஸ், நியூயார்க் முறைகளில் ஓரத்தில் இருக்கும் காற்றை அது நசுக்கிவிடும். ரோமின் மெல்லிய வட்ட பீட்சா மட்டும் விதிவிலக்கு. அதை உருளைக்கட்டையால் தேய்ப்பதுதான் முறை, ஏனென்றால் அங்கே வேண்டியது உப்பிய ஓரமல்ல, விளிம்புவரை மொறுமொறுப்பு.

கையில் எடுத்ததும் வழிந்து, ஓட்டை விழுந்து, ஈரத்துணி போல் தொங்கினால் மாவு முதிர்ந்துவிட்டது. புளிப்பு அமிலமும் மாவிலுள்ள நொதிகளும் குளுட்டனை அரித்துவிட்டன. மறுபடி உருட்டி ஒரு மணி நேரம் வைத்தால் ஓரளவு மீளும். அதுவும் நடக்கவில்லை என்றால் எண்ணெய் தடவிய தட்டில் பரப்பித் தட்டு பீட்சாவாகச் சுட்டுவிடுங்கள். தட்டின் சுவர் தாங்கிக்கொள்ளும், நன்றாகவே வரும்.

பலகையிலிருந்து இறங்க மறுக்கிறது

பீட்சாவை ஓவனுக்குள் இறக்கிவிடும் பலகையில் ரவை தூவுங்கள். மாவை வைத்த பிறகு சாஸ், சீஸ் எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். ஓவனைத் திறப்பதற்கு முன் ஒருமுறை குலுக்கிப் பாருங்கள். ஒட்டியிருந்தால் ஓரத்தைத் தூக்கி இன்னும் கொஞ்சம் ரவையை உள்ளே தள்ளுங்கள். அவ்வளவுதான்.

அடி கருகிவிட்டது, மேலே வேகவில்லை (அல்லது தலைகீழாக)

இரும்புத் தகடு கல்லைவிடப் பல மடங்கு வேகமாகச் சூட்டை மாவுக்குள் இறக்கும். கல்லில் ஏழு நிமிடம் ஆன பீட்சாவின் அடி தகட்டில் ஐந்து நிமிடத்தில் கறுக்கலாம். தகட்டை ஓவனின் மேல் தட்டுக்கு மாற்றி, கடைசி இரண்டு நிமிடம் மேல் கிரில்லைப் போடுங்கள். தலைகீழ்ப் பிரச்சினை என்றால் கீழ்த் தட்டுக்கு இறக்குங்கள்.

கருக்கைப் பற்றி ஒரு வார்த்தை. கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவனில் 1925-இல் ஃபிராங்க் பெப்பே தொடங்கிய கடை முதல் இன்றுவரை அந்த ஊரின் முறை நிலக்கரி அடுப்பு. அடியும் ஓரமும் கறுத்து வருவதுதான் அங்கே அழகு. அந்தக் கருக்கு மெல்லிய புள்ளிகளும் திட்டுகளுமாக இருக்கும், கசப்பும் இனிப்பும் கலந்திருக்கும். வீட்டில் அடி முழுவதும் ஒரே கறுப்பாகி நாக்கில் கசந்தால் அதற்கு வேறு காரணம்: பலகையில் தூவிய மாவு தகட்டில் விழுந்து எரிந்திருக்கிறது. ஒவ்வொரு பீட்சாவுக்கும் நடுவே தகட்டைத் துடைத்துவிடுங்கள்.

டெட்ராய்ட் பீட்சாவில் ஓரத்துச் சீஸ் மொறுமொறுக்கவில்லை, அல்லது தட்டோடு ஒட்டிக்கொண்டது

1946-இல் டெட்ராய்ட்டின் பட்டீஸ் கடையில் பிறந்த முறை இது. கார்த் தொழிற்சாலைகளில் உதிரிப்பாகங்கள் வைக்கப் பயன்பட்ட நீலநிற இரும்புத் தட்டுகளில் சுட்டதாகச் சொல்வார்கள். அந்தத் தட்டுதான் இந்த பீட்சாவின் ரகசியம். கனமான, கறுத்த இரும்பு, சுவர் உயரம், சூட்டை வாங்கிச் சுவர்வழியே சீஸைப் பொரித்துவிடும். பளபளக்கும் மெல்லிய அலுமினியத் தட்டில் அந்தப் பொரியல் கிடைக்காது.

தட்டு சரி, ஓரம் இன்னும் மென்மையா? சீஸ் எங்கே இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். மற்ற பீட்சாக்களில் ஓரத்தை விட்டுத்தான் போடுவோம். இங்கே சீஸ் தட்டின் சுவரைத் தொட வேண்டும். சுவரோரமாக இன்னும் ஒரு பிடி கூடுதலாக வைக்க வேண்டும். அங்கே பயன்படுத்துவது விஸ்கான்சின் மாநிலத்து பிரிக் சீஸ். கொழுப்பு கூடியது, உருகிச் சுவரில் வழிந்து கரகரப்பாகும். அது கிடைக்காவிட்டால் ஈரம் குறைந்த மொஸரெல்லாவோடு மூன்றில் ஒரு பங்கு மென்மையான செடார் கலந்துகொள்ளலாம். பாக்கெட்டில் துருவி வரும் சீஸ் வேண்டாம். துருவல் ஒட்டாமல் இருக்க அதன்மேல் ஸ்டார்ச்சோ செல்லுலோஸோ தூவியிருப்பார்கள். அது சீராக உருகவிடாது.

ஒட்டிக்கொண்டால் ஆறவிட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். ஓவனிலிருந்து வந்த ஒன்றிரண்டு நிமிடத்துக்குள், சீஸ் இறுகும் முன், மெல்லிய கத்தியைச் சுவரோரம் ஒரு சுற்று ஓட்டிவிட வேண்டும். சாஸ் இதில் கடைசியில், சீஸுக்கு மேல் இரண்டு மூன்று கோடுகளாக விழும். அடியில் ஊற்றியவர்களுக்கு மாவு ஈரமாகத்தான் இருக்கும்.

சிகாகோ ஆழத்தட்டு பீட்சாவை வெட்டினால் சூப் ஓடுகிறது

இதை ஒரு பையாகவே பார்க்கலாம். 1943-இல் சிகாகோவின் பிட்ஸேரியா ஊனோவில் தொடங்கியது. தட்டின் சுவர்மேல் ஏறும் கொழுப்புச் செறிந்த ஓடு, அதற்குள் முதலில் சீஸ், பிறகு சாஸேஜ் போன்ற நிரப்பு, எல்லாவற்றுக்கும் மேலே தக்காளி. வரிசை தலைகீழாக இருப்பதற்குக் காரணம் நேரம். அரை மணி நேரத்துக்கு மேல் வேக வேண்டியிருப்பதால் சீஸ் மேலே இருந்தால் கருகிவிடும். அடியில் இருக்கும் சீஸ் தக்காளி நீரிலிருந்து மாவைக் காக்கவும் செய்கிறது.

அப்படியும் சூப் ஓடினால், டப்பாத் தக்காளியை அப்படியே கொட்டியிருப்பீர்கள். நசுக்கி, சல்லடையில் கால் மணி நேரம் வடியவிடுங்கள். தக்காளியைச் சமைத்துக் கெட்டியாக்க வேண்டாம். ஓவனில் நாற்பது நிமிடம் கிடக்கப்போகிறது, இப்போதே சமைத்தால் புதுச்சுவை போய்விடும். சுட்டு முடிந்ததும் பத்து நிமிடம் தொடாமல் வையுங்கள். இந்தப் பத்து நிமிடத்தைப் பொறுக்காமல் வெட்டியதால் மட்டும் கெட்ட ஆழத்தட்டு பீட்சாக்கள் ஏராளம்.

இதே ஊரில் மெல்லியதாக, சதுரத் துண்டுகளாக வெட்டும் இன்னொரு பீட்சாவும் உண்டு. அது மொறுமொறுக்கவில்லை என்றால், தேய்த்த வட்டத்தைக் காகிதத்தில் வைத்து ஓரிரவு மூடாமல் குளிர்பதனப் பெட்டியில் காயவிட்டுச் சுடுங்கள். மேற்பரப்பு காய்வதில்தான் அதன் மொறுமொறுப்பு.

சாஸுக்குக் கீழே பசை மாதிரி வேகாத ஒரு கோடு

தடித்த தட்டு பீட்சாக்களில் மட்டும் வரும் நோய். ரோமில் கத்தரிக்கோலால் வெட்டி எடைபோட்டு விற்கும் நீள்சதுர பீட்சா, சிசிலித் தீவிலுள்ள பலெர்மோவின் தடித்த பீட்சாவான ஸ்ஃபின்சோனே போன்றவை இதில் மாட்டும். துண்டைப் பக்கவாட்டில் பாருங்கள். கீழ்ப்பகுதி நல்ல பஞ்சாக இருந்து, சாஸை ஒட்டி அரை சென்டிமீட்டர் மட்டும் சாம்பல்நிறப் பசையாக இருந்தால் இதுதான்.

ரோம் மாவில் 100-க்கு 75, 80 என்று தண்ணீர் இருக்கும். அதன்மேல் குளிர்ந்த சாஸும் குளிர்ந்த சீஸும் ஏறினால் அந்த மேல்தோல் சூடாவதற்குள் மற்ற பகுதி வெந்துவிடுகிறது. இரண்டு படியாகச் சுடுங்கள்: முதலில் எண்ணெயும் மெல்லிய பூச்சாகச் சாஸும் மட்டும் போட்டு முக்கால் பங்கு வேகவிட்டு, பிறகு சீஸும் மற்றவையும் போட்டு மறுபடி. சாஸ் அறைச் சூட்டில் இருக்கட்டும்.

ஸ்ஃபின்சோனேக்கு இந்தச் சிக்கல் குறைவு. வெங்காயம் வதங்கிய கெட்டியான சாஸ், மேலே எண்ணெயில் புரட்டிய ரொட்டித்தூள் என்று ஈரத்தை அடக்கும் வழியை அந்த முறை தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. அதில் மொஸரெல்லாவைச் சேர்த்து மேம்படுத்தப் போகிறவர்களுக்குத்தான் பசை வருகிறது. அங்கே வழக்கம் கச்சியோகவாலோ என்னும் இறுகிய சீஸ்.

ஆப்பிள் பையின் அடி ஊறிப்போகிறது

இனி பை. இங்கே எதிரி அநேகமாக எப்போதும் தண்ணீர்தான்.

சர்க்கரை பட்டதும் ஆப்பிள் நீர்விடும். அந்த நீர் பைக்குள் வெளியேறினால் அடி ஊறும். அதற்கு முன்பே வெளியேற்றிவிட்டால் ஊறாது. நறுக்கிய ஆப்பிளைச் சர்க்கரையோடு ஒரு மணி நேரம் வைத்து, இறங்கிய சாற்றை வடித்து, பாகுபோல் பாதியாகச் சுண்டவைத்து, மறுபடி ஆப்பிளோடு கலந்துவிடுங்கள். மணமும் போகாது, தண்ணீரும் இராது. முதல்முறை இப்படிச் செய்தபோது கிண்ணத்தின் அடியில் அரை கப்புக்கு மேல் சாறு நின்றது. அவ்வளவும் முன்பெல்லாம் என் பையின் அடியில்தான் போய்க்கொண்டிருந்தது.

தட்டைக் கவனியுங்கள். கறுத்த உலோகம் நல்லது. கண்ணாடி மெதுவாகச் சூடாகும், ஆனால் அடி சிவந்ததா என்று கண்ணால் பார்க்கலாம். பீங்கான் மூன்றிலும் மந்தம். எதுவானாலும், முன்கூட்டியே சூடாக்கிய தட்டையான இரும்புத் தகட்டின்மேல், ஓவனின் கீழ்ப்பகுதியில் வைத்து, முதல் இருபது நிமிடம் 220 டிகிரி. பிறகு 190-க்கு இறக்கலாம்.

வெட்டினால் சாறு ஓடுகிறதா? ஸ்டார்ச் முழுதாக இறுக 95 டிகிரிக்கு அருகில் போக வேண்டும். மேலோட்டின் நிறத்தை நம்பி வெளியே எடுத்துவிடாதீர்கள். நடுவிலுள்ள துளைவழியே சாறு கெட்டியான, சோம்பலான கொப்புளங்களாக வெடிக்க வேண்டும். அதுவரை மேலே தாளால் மூடிவைக்கலாம். பிறகு மூன்று மணி நேரமாவது ஆற வேண்டும்.

மேலோட்டுக்கும் ஆப்பிளுக்கும் நடுவே பெரிய வெற்றிடம்

ஓடு இறுகிய பிறகு ஆப்பிள் சுருங்கிக் கீழே போய்விட்டது. ஆப்பிளை முன்னதாக 60 முதல் 70 டிகிரிச் சூட்டில் மெதுவாக வாட்டி எடுங்கள். அந்தச் சூட்டில் பழத்தின் செல்களை ஒட்டிவைக்கும் பெக்டினை உறுதிப்படுத்தும் ஒரு நொதி வேலைசெய்யும்; அதற்குப் பிறகு சூடேற்றினாலும் துண்டுகள் எளிதில் குழையாது. ரகமும் முக்கியம். கிரானி ஸ்மித் வடிவம் காக்கும். இங்கிலாந்தின் பிராம்லி ஆப்பிள் வெந்தால் கூழாகும். பிரிட்டிஷ் முறையில் அந்தக் கூழ்தான் வேண்டும். அமெரிக்கச் செய்முறையில் பிராம்லியைப் போட்டுவிட்டு அடுக்கு நிற்கவில்லையே என்று வருந்துவதில் பயனில்லை.

ஓடு உதிராமல் இறுகிக் கிடக்கிறது. சுடும்போது சுவரிலிருந்து வழுக்கி இறங்குகிறது

இரண்டுக்கும் குளுட்டன்தான் பொறுப்பு. தண்ணீர் கூடியிருக்கும், அல்லது அதிகம் பிசைந்திருப்பீர்கள். வெண்ணெயை மாவில் நன்றாகத் தேய்த்த பிறகே தண்ணீர் சேர வேண்டும். கொழுப்பு பூசிய மாவு தண்ணீரை உறிஞ்சாது, குளுட்டன் கட்டாது. கையில் அழுத்தினால் சேர்ந்து நிற்கிற அளவுக்குத் தண்ணீர் போதும். குளிரில் ஒரு மணி நேரம், தட்டில் விரித்த பிறகு இன்னும் அரை மணி நேரம் ஓய்வு. தட்டின் மூலைக்கு மாவை இழுத்து நீட்டாதீர்கள். தூக்கித் தளர்வாக இறக்குங்கள். இழுத்த மாவு ஓவனில் அந்த இழுப்பைத் திரும்பக் கேட்கும்.

வெறும் ஓட்டைச் சுடும்போது உலர்ந்த பயறு நிரப்புவோம். அடியில் மட்டும் ஒரு பிடி பரப்பினால் சுவரைத் தாங்காது. விளிம்புவரை நிரப்புங்கள்.

கார்னிஷ் பாஸ்டியில் கிழங்கு வேகவில்லை, அல்லது தையல் பிரிந்து சாறு வடிகிறது

கார்னிஷ் பாஸ்டி என்பது இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியின் இறைச்சியும் காயும் வைத்து மடித்த பை. 2011 முதல் இந்தப் பெயருக்குப் புவிசார் பாதுகாப்பு உண்டு. அரைவட்ட வடிவம், பக்கவாட்டில் மடித்த தையல், மாட்டிறைச்சி குறைந்தது 12.5 சதவீதம், காய்கள் 25 சதவீதம், உள்ளே வைக்கும் எல்லாமே பச்சையாக இருக்க வேண்டும் என்பவை அதன் நிபந்தனைகள். பச்சையாக வைப்பது என்ற கடைசி நிபந்தனையைப் பார்த்துப் பயந்து முன்பே வேகவைத்து வைப்பவர்கள்தான் சாறு வடியும் பாஸ்டி செய்கிறார்கள். பச்சை இறைச்சியின் சாறு உள்ளேயே உருளைக்கிழங்கில் இறங்கி, அதன் ஸ்டார்ச்சோடு சேர்ந்து குழம்பாகும். கிழங்கு வேகவில்லை என்றால் துண்டு தடிப்பு. மெல்லிய வில்லைகளாகச் சீவிப்போட்டு, 20 நிமிடம் 200 டிகிரி, பிறகு 165-இல் முக்கால் மணி நேரம் விடுங்கள்.

மாவைப் பொறுத்தவரை இங்கே விதி மாறுகிறது. ஆப்பிள் பைக்குச் சொன்ன உதிரும் ஓடு பாஸ்டிக்கு ஆகாது. கையில் பிடித்துச் சாப்பிடும் பண்டம். வலுவான மாவை எடுத்து, நன்றாகவே பிசைந்து, சில மணி நேரம் ஓய்வுகொடுத்து விரியுங்கள்.

போர்க் பையின் சுவர் சரிகிறது, ஜெல்லி வடிந்துவிடுகிறது

இங்கிலாந்தின் மெல்டன் மோபிரே முறையில் தட்டே கிடையாது. பன்றிக்கொழுப்பையும் தண்ணீரையும் கொதிக்கவைத்து மாவில் ஊற்றிப் பிசைந்த ஓடு, தானாக நிற்க வேண்டும். கொதிநீர் பட்டு ஸ்டார்ச் குழைவதால்தான் அந்த வலிமை. தண்ணீர் கொதிக்காமல் வெதுவெதுப்பாக இருந்திருந்தால் சுவர் சரியும். சூடாக இருக்கும்போதே எழுப்பி, பிறகு குளிரில் ஓரிரவு இறுகவிட்டுச் சுடுங்கள். சுவர் சற்று வெளியே பிதுங்குவது கோளாறல்ல, அந்த ஊர் பையின் அடையாளமே அதுதான். உள்ளே இறைச்சி சாம்பல்நிறமாக இருப்பதும் அப்படியே. அவர்கள் பதப்படுத்தாத பன்றியிறைச்சியைப் பயன்படுத்துகிறார்கள். நடுப்பகுதி 75 டிகிரியைத் தொட்டதா என்று மட்டும் பாருங்கள்.

வெந்த இறைச்சி சுருங்கி விட்ட இடைவெளியில்தான் எலும்புச் சாற்று ஜெல்லியை மேல்துளைவழியே ஊற்றுகிறோம். பை சூடாக இருக்கும்போது ஊற்றினால் விரிசல்வழியே ஓடிவிடும். பை ஆறி, சாறு உறையும் தறுவாயில் இருக்கும்போது, கொஞ்சம் கொஞ்சமாக, நிறுத்தி நிறுத்தி ஊற்றுங்கள். எங்காவது கசிந்தால் அந்த விரிசலில் மிருதுவான வெண்ணெயை அடைத்துவிட்டுத் தொடரலாம்.

பூசணிப் பையில் நடுவே பிளவு. கீஷ் திரிந்து நீர்விடுகிறது

முட்டை அதிகம் வெந்துவிட்டது. பூசணிப் பையின் நடுப்பகுதி 80 டிகிரியைத் தாண்டக் கூடாது. ஓரம் இறுகி, நடுவில் ஒரு கையளவு வட்டம் மட்டும் அசைத்தால் நடுங்கும்போதே எடுத்துவிடுங்கள். மிச்சத்தை உள்சூடு முடிக்கும். முட்டையும் க்ரீமும் கலந்து ஊற்றிச் சுடும் பிரெஞ்சு பையான கீஷ் லோரேனுக்கு 160 டிகிரி போதும், ஒரு முட்டைக்கு 120 மில்லி க்ரீம். அதன் ஓட்டை முழுவதும் சிவக்கச் சுட்ட பிறகே கலவையை ஊற்ற வேண்டும். அந்த இதமான சூட்டில் பச்சை ஓடு ஒருநாளும் வேகாது.

கீ லைம் பை இறுகவில்லை. லெமன் மெரேங் பை மறுநாள் தண்ணீராகிவிட்டது

பார்வைக்கு ஒரே மாதிரி தோன்றினாலும் இரண்டும் இறுகும் விதம் வேறு. கீ லைம் என்னும் சிறு எலுமிச்சையில் செய்யும் ஃபுளோரிடாவின் பையில் ஸ்டார்ச்சே இல்லை. கண்டென்ஸ்டு மில்க்கின் புரதத்தைப் புளிப்பு இறுக்குகிறது, மஞ்சள்கரு துணைநிற்கிறது. புளிக்குமே என்று சாற்றைக் குறைத்தால் இறுகாது. ஒரு 397 கிராம் டப்பாவுக்கு 120 மில்லி சாறு, நான்கு மஞ்சள்கரு, 175 டிகிரியில் 15 நிமிடம், பிறகு ஓரிரவு குளிர்.

எலுமிச்சை நிரப்பின்மேல் மெரேங் (முட்டை வெள்ளையும் சர்க்கரையும் அடித்த நுரை) பரப்பிய லெமன் மெரேங் பையை இறுக்குவது கார்ன்ஃப்ளார். மாலையில் கெட்டியாக இருந்தது காலையில் கரைந்துபோனால் மஞ்சள்கருவைப் பாருங்கள். ஸ்டார்ச்சைத் தின்னும் ஒரு நொதி அதில் இருக்கிறது. கரு திரிந்துவிடுமோ என்று பயந்து இளஞ்சூட்டில் நிறுத்திவிட்டால் அந்த நொதி உயிரோடு இருந்து இரவெல்லாம் வேலைசெய்யும். கருவைச் சேர்த்த பிறகு கலவை தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க வேண்டும். கார்ன்ஃப்ளார் கூட இருப்பதால் கரு திரியாது.

தண்ணீர் மெரேங்குக்கும் நிரப்புக்கும் நடுவில் மட்டும் நிற்கிறதென்றால் மெரேங்கின் அடிப்பகுதி வேகவில்லை. நிரப்பு ஆவி பறக்கச் சூடாக இருக்கும்போதே மெரேங்கை மேலே பரப்புங்கள், ஓட்டின் விளிம்பைத் தொடும்படி. மேலே தேன்துளிகள் போல் முத்துமுத்தாக வியர்த்திருந்தால் அது எதிர்த் தவறு, மேற்பகுதி அதிகம் வெந்துவிட்டது. அடுத்த முறை இரண்டு நிமிடம் முன்னதாக எடுத்துவிடுங்கள்.